தாழ்ப்பாள் தேடிய முயல்

ஒரு காட்டில், மரம் முடிந்து தார் ரோடு தொடங்குகிற ஓரத்தில், ஒரு முயல் குடும்பம் இருந்தது. அம்மா முயலின் பெயர் பூவாத்தா. அப்பா முயலின் பெயர் சென்னியப்பன். இரண்டுக்கும் ஒரே ஒரு பாப்பா. முயல் வீட்டில் ஒரே ஒரு பாப்பா என்றால் போகிறவர் வருகிறவர் எல்லாம் நின்று, அவ்வளவுதானா என்று கேட்பார்கள். பூவாத்தா கூச்சப்படுகிற முயல். தரையைப் பார்க்கும்.

பாப்பாவுக்குக் காது குத்துகிற வயது வந்தது. முயலுக்குக் காதுதான் பாதி உடம்பு. அதனால் அந்தக் காட்டு முயல்கள் கல்யாணத்தைக்கூட நாலு பேரை வைத்து முடித்துவிடும், காதுகுத்தை அப்படி முடிக்காது. பந்தல் இல்லாமல் குத்தலாம், மேளம் இல்லாமல் குத்தலாம். தாய்மாமன் மடி இல்லாமல் குத்த முடியாது. வேறு மடியில் வைத்துக் குத்தினால் காது மடங்கித் தொங்கிவிடும் என்பார்கள். அப்படித் தொங்கிப்போன ஒரு முயல் அங்கே இருந்தது. அதற்கு எந்தச் சம்பந்தமும் அமையவில்லை. அதைப் பார்க்கும்போதெல்லாம் பூவாத்தா தன் பாப்பாவின் காதைத் தடவித் தடவி நிமிர்த்திவிடும்.

தாய்மாமன் இல்லாமல் இல்லை. பூவாத்தாவின் அண்ணன் அர்த்தனாரி பட்டணத்தில் இருந்தது. நேரில் போய் வெற்றிலை பாக்கு வைத்துக் கூப்பிட வேண்டும். போனில் கூப்பிட்டால் அது கூப்பிட்டதாகாது, தகவல் சொன்னதாகத்தான் ஆகும். பட்டணம் தூரம். போனால் ஒரு ராத்திரி தங்கியாக வேண்டும். எங்கே தங்குவது என்பதுதான் பூவாத்தாவின் கவலை.

போன தடவை அண்ணன் வீட்டில்தான் தங்கின. ஒரு கூடம், ஒரு அறை. அறைக்குக் கதவு உண்டு, உள்பக்கம் தாழ்ப்பாள் கிடையாது. பூவாத்தா பிள்ளைக்குப் பால் கொடுக்கச் சுவர்ப்பக்கம் திரும்பி உட்காரும். உடனே யாராவது சார்ஜர் தேடிக்கொண்டு உள்ளே வருவார்கள். வந்தவர்கள் சும்மாவும் போக மாட்டார்கள், பிள்ளை என்ன பண்ணுது என்று விசாரித்துவிட்டுத்தான் போவார்கள். இந்த லட்சணத்தில் பாப்பா பாயை நனைத்துவிட்டது. அண்ணி சிந்தாமணி பரவாயில்லை என்று சொன்னது. பாயைத் தூக்கும்போது ஒரு தரம் சொன்னது. அலசும்போது ஒரு தரம் சொன்னது. கொடியில் போடும்போதும் சொன்னது, பக்கத்து வளையில் இருக்கிற முயல் வந்து என்னவென்று கேட்டபோது கொஞ்சம் சத்தமாகவே சொன்னது. ஊருக்குத் திரும்பி வந்த பிறகும் பூவாத்தாவுக்கு அந்தப் பரவாயில்லை கேட்டுக்கொண்டே இருந்தது. பெரிய காது இருந்தால் இதுதான் தொந்தரவு.

இந்த நேரம் பார்த்து சென்னியப்பனுக்குச் சந்தையில் பரிசு விழுந்தது. புல்லுக்கட்டு வாங்கிய கடையில் குலுக்கல். பட்டணத்து ராஜமாளிகை ஹோட்டலில் ஒரு நாள் தங்கல், சாப்பாட்டோடு, இலவசம். அந்த மாளிகை யானை ராஜாக்கள் வாழ்ந்த அரண்மனை. ராஜாக்கள் வாழ்ந்து, தின்று, தீர்த்து, கடைசியில் அது ஹோட்டலாகிவிட்டது. பழைய மாதிரியே இருக்கும், பழைய மாதிரியே கவனிப்பார்கள் என்று பேர்.

சென்னியப்பன் போயே தீர வேண்டும் என்று நின்றது. தான் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்பார்கள். பிடிபடாத முயல்களும் அப்படித்தான். ஹோட்டல் எப்படி என்று போனில் தேடிப் படித்துக் காட்டியது. ஒரு புலி எழுதியிருந்தது: அருமையான இடம், எனக்குப் பிடித்த சாப்பாடெல்லாம் பக்கத்து அறைகளிலேயே தங்கியிருந்தது, ஐந்து நட்சத்திரம். ஒரு ஆமை எழுதியிருந்தது: நான் என் வீட்டுக்குள்ளேயேதான் இருந்தேன், இருந்தாலும் மூன்று நட்சத்திரம். ஒரு நத்தை போன வருடம் அறை எடுத்திருக்கிறது. இன்னும் வந்துகொண்டிருக்கிறேன் என்று மட்டும் எழுதியிருந்தது.

பூவாத்தா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டது.

"ஏனுங்க, உள்பக்கம் தாழ்ப்பாள் இருக்குமா?"

"யானை இருந்த வீடு புள்ள. தாழ்ப்பாள் இல்லாமயா இருக்கும்?"

அது போதும் என்று பூவாத்தாவுக்குத் தோன்றியது. ஆனாலும் பயம். சொந்தக்காரர் இருக்கிற ஊரில் ஹோட்டலில் தங்குவது, அவர்கள் வீட்டு வாசலில் நின்று காறித் துப்புவதற்குச் சமம். அண்ணிக்கு ஒரு போன் போட்டுப் பட்டும் படாமல் பேசிப் பார்த்தது. காதுகுத்துக்கு அழைக்க வருகிறோம், பாப்பா ராத்திரியில் அழும், உங்களுக்குச் சிரமம் என்று இழுத்தது. அண்ணிக்கு இழுவை பிடிபட்டுவிட்டது.

"வீடுன்னு ஒண்ணு இருக்கையில ஹோட்டலு கீட்டலுன்னு போனீங்கன்னு என் காதுல விழுந்துச்சுன்னா, உங்கண்ணன் மடி உங்களுக்கில்ல. இப்பவே சொல்லிட்டேன் பூவாத்தா."

முயல் காதில் விழாமல் எதைத்தான் செய்ய முடியும். பூவாத்தா பயந்துபோய், ராத்திரி தங்கவே இல்லை அண்ணி, விடியற்காலை முதல் பஸ்ஸில் வந்து இறங்கி, அழைத்துவிட்டு, அப்படியே திரும்பிவிடுகிறோம் என்று சொல்லிவிட்டது. அண்ணி அவ்வளவு அவசரமா என்று வருத்தப்பட்டது. வருத்தப்பட்ட மூச்சு நிம்மதியான மூச்சு மாதிரி இருந்தது. சென்னியப்பன் திட்டம் போட்டுக் கொடுத்தது. முதல் நாளே போய் ராஜமாளிகையில் தங்குவது. காலையில் எழுந்து, குளித்து, பிறகு நல்ல புழுதியாகப் பார்த்து உருண்டு, பஸ்ஸில் வந்த முகத்தோடு அண்ணன் வீட்டுக்குப் போவது.

இரண்டும் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு கிளம்பின. வழியெல்லாம் வெற்றிலைக் கட்டைத் தின்னாமல் கொண்டுபோவது சென்னியப்பனுக்குப் பெரிய சோதனையாக இருந்தது. இரண்டு இலை குறைந்தது. பாப்பா தின்றுவிட்டதாக வைத்துக்கொண்டன.

ராஜமாளிகை வாசலில் தலைப்பாகை கட்டிய ஒருவர் குனிந்து கும்பிட்டார். கிட்டே போனால் அது தலைப்பாகை இல்லை, பிறவிக் கொண்டை. கொண்டலாத்திப் பறவை. அதனால்தான் அந்த வேலை கிடைத்ததாம். உள்ளே மேனேஜர் கொக்கு, வெள்ளை வெளேரென்று, ஒற்றைக் காலில் நின்றது. அடையாள அட்டை கேட்டது. இரண்டு அட்டையிலும் காதுதான் இருந்தது, முகம் படத்துக்குள் அடங்கவில்லை. கொக்கு சரி என்றுவிட்டது.

பிறகு மெதுவாக விளக்கியது. மெத்தையும் வெந்நீரும் எல்லா ஹோட்டலிலும் உண்டு. இங்கே விற்பது பாரம்பரியம். இங்கே வருகிறவர்கள் விருந்தாளி இல்லை, சொந்தம். சொந்தக்காரர் வீட்டுக்கு வந்த மாதிரியே இருக்கும்.

பூவாத்தாவுக்கு முதுகு மயிர் சிலிர்த்துக்கொண்டது. திரும்பிப் போய்விடலாமா என்று சென்னியப்பனின் காலை மிதித்தது. சென்னியப்பனுக்கு அதற்குள் வெள்ளித் தம்ளரில் மோர் வந்துவிட்டது.

கொக்கு மேலும் சொன்னது. அவரவர் இனத்திலேயே ஒரு அண்ணியை நியமித்திருக்கிறோம், ஆரத்தி சுற்றி அழைத்துப்போவார். விசேஷம் நடத்துகிறவர்களுக்குத் தாய்மாமனும் உண்டு. மடி, சீர்த்தட்டு, கண்ணீர் எல்லாம் சேர்ந்தது. தாய்மாமனுக்குத்தான் இப்போது ரொம்பத் தேவை இருக்கிறது.

"எங்களுக்குச் சொந்த மாமனே இருக்காருங்க," என்று சென்னியப்பன் மோர் மீசையோடு பெருமையாகச் சொன்னது. தாய்மாமன் இல்லாத பிள்ளைகளும் இருக்கின்றனவே, பாவம் என்று பூவாத்தா மனசுக்குள் இரக்கப்பட்டது.

அப்போது உள்ளேயிருந்து கொலுசுச் சத்தம் வந்தது. பட்டுப்புடவை, தலை நிறையப் பூ, கையில் ஆரத்தித் தட்டு. தட்டுக்குப் பின்னால் சிந்தாமணி அண்ணி.

தட்டில் இருந்த கற்பூரம் மட்டும் ஆடியது. மற்ற எதுவும் அசையவில்லை. தன் கண்ணை நம்பலாமா என்று பூவாத்தா யோசித்தது. அண்ணன் மடி போய்விட்டது என்றும் யோசித்தது. அண்ணியின் முகத்தைப் பார்த்தால் அதுவும் ஏதோ போய்விட்டது என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தது. ஊரில் எல்லாரிடமும் அண்ணி ஆபீஸில் வேலை என்றுதான் சொல்லி வைத்திருந்தது.

கொக்கு தொண்டையைச் செருமியது.

சிந்தாமணி சட்டென்று சிரித்தது. அப்படி ஒரு சிரிப்பு அதன் முகத்தில் இருப்பது பூவாத்தாவுக்கு அன்றுதான் தெரியும். "வாங்க, வாங்க. வாங்கண்ணா. ஏன் கண்ணு இப்படி எளச்சுப்போயிட்டே?" என்று ஆரத்தி சுற்றி, திருஷ்டி கழித்து, முந்தானையால் பூவாத்தாவின் முகத்தைத் துடைத்தது. பாப்பாவை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டது. வைத்த உடனே பாப்பா பட்டுப்புடவையை நனைத்துவிட்டது. பூவாத்தாவுக்கு உயிர் போய் உயிர் வந்தது.

"பிஞ்சு மூத்திரம் கங்கைத் தீர்த்தம்," என்று சொல்லி அண்ணி பாப்பாவின் நெற்றியில் முத்தம் கொடுத்தது.

சாப்பாட்டுக்கு இலை போட்டார்கள். அண்ணி பக்கத்தில் நின்று பரிமாறியது. போதும் என்றபோதெல்லாம் கோபித்துக்கொண்டு இன்னொரு கரண்டி வைத்தது. எத்தனை நாள் இருப்பீர்கள் என்று கேட்டது. நாளைக்கே கிளம்புகிறோம் என்றதற்கு அவ்வளவு சீக்கிரமா என்று கண் கலங்கியது. சென்னியப்பன் ரொம்ப நெகிழ்ந்துபோய் மூன்றாம் தரம் பாயசம் கேட்டது. கொக்கு அந்தப் பக்கம் திரும்பிய நேரத்தில் அண்ணி குனிந்து ரசம் ஊற்றுகிற சாக்கில் கேட்டது.

"மொதோ பஸ்ஸுன்னு சொன்னே?"

"ஆபீஸுன்னு சொன்னீங்களே அண்ணி."

கொக்கு இந்தப் பக்கம் திரும்பியது. இன்னும் கொஞ்சம் ரசம் ஊத்திக்கோ தங்கம் என்று அண்ணி சிரித்தது.

அறைக்குப் போனதும் பாப்பா பாலுக்கு அழுதது. பூவாத்தா கதவைப் பார்த்தது. சென்னியப்பன் சொன்னது பொய்யில்லை. உள்பக்கம் தாழ்ப்பாள் இருந்தது. யானைத் தாழ்ப்பாள். ஒரு முழு மரத்தைக் குறுக்கே செதுக்கி வைத்திருந்தார்கள். அதைப் போட வேண்டுமென்றால் மணி அடித்து இரண்டு கரடிகளைக் கூப்பிட வேண்டும். கரடிகள் உள்ளே நின்றுதான் போட முடியும். போட்ட பிறகு கரடிகளும் உள்ளேதான் இருக்கும்.

சென்னியப்பன் வெளியே போய் நிற்கிறேன் என்று கிளம்பி, வழியில் யாரோ தாம்பூலம் நீட்ட அங்கேயே நின்றுவிட்டது. பாரம்பரியமான இடம் என்பதால் ஆள் மாற்றி ஆள் வந்துகொண்டே இருந்தார்கள். ஒருத்தர் சாம்பிராணி காட்ட வந்தார். ஒருத்தர் கால் பிடித்துவிடட்டுமா என்று கேட்டார். மைனா ஒன்று வந்து, சொந்தக்காரர் மாதிரியே, பிள்ளை ஏன் அழுகிறது என்று விசாரித்தது. அது சர்வீஸில் சேர்ந்ததாம். பூவாத்தா பாப்பாவை அணைத்துக்கொண்டு திரைச்சீலைக்குப் பின்னால் போய் ஒடுங்கியது. அதற்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஒரு தாழ்ப்பாளுக்கு ஆசைப்பட்டு இவ்வளவு தூரம் வந்து, மடியும் போய், தாழ்ப்பாளும் இல்லை.

சிந்தாமணி வந்து எட்டிப் பார்த்தது. திரைக்குக் கீழே தெரிந்த காலைப் பார்த்தது. மைனாவை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தி, கதவில் தன் முதுகைக் கொடுத்து நின்றுகொண்டது. வெளியிலிருந்து யாரோ தள்ளினார்கள். முதுகு நகரவில்லை.

பாப்பா குடிக்கிற சத்தம் மட்டும் கேட்டது. அண்ணி கதவில் சாய்ந்தபடியே சொன்னது, "இது சர்வீஸ்ல சேராது. மேனேஜர்கிட்டச் சொல்லிராதே."

"சொல்லலீங்க."

"நம்ம வூட்டுல ஒரு தாழ்ப்பாள் வெக்கச் சொல்லிக் கேட்டிருக்கலாமில்ல நீ?"

"கேட்டா தப்பா எடுத்துக்குவீங்களோன்னு."

அண்ணி யோசித்தது. "எடுத்திருப்பேன்தான்," என்றது.

மறுநாள் காலையில் கிளம்பும்போது கொக்கு ஒரு கருவியை நீட்டியது. அண்ணிக்கு எத்தனை நட்சத்திரம் என்று அழுத்த வேண்டும். அண்ணி பக்கத்திலேயே கைகட்டி நின்றது. நாத்தனார் அண்ணிக்கு மார்க் போடுவது எல்லா வீட்டிலும் உள்ளதுதான். ஆனால் அண்ணி அதைப் பக்கத்தில் நின்று புன்னகையோடு பார்ப்பது ராஜமாளிகையில்தான் நடந்தது. பூவாத்தா ஐந்தையும் அழுத்திவிட்டு ஓடி வந்துவிட்டது.

சொன்னபடி இரண்டும் தெரு முனையில் புழுதியில் உருண்டன. பாப்பாவையும் ஒரு புரட்டுப் புரட்டின. சிந்தாமணி அதற்குள் குறுக்கு வழியில் போய், பூவை எடுத்துவிட்டு, பழைய புடவை மாற்றி, வாசலில் வந்து நின்று, "வாங்க, இப்பத்தான் வர்றீங்களா?" என்று கேட்டது. முகத்தில் வீட்டு முகம் வந்திருந்தது.

அர்த்தனாரி தங்கச்சியைப் பார்த்துச் சந்தோஷப்பட்டது. பஸ்ஸில் கூட்டமா என்று கேட்டது. நிற்கக்கூட இடமில்லை மச்சான் என்று சென்னியப்பன் ஏப்பம் விட்டது. ராத்திரியே வந்து இங்கே தங்கியிருக்கலாமே மாப்ள என்றது அர்த்தனாரி. ஆமாம், நானும் எவ்வளவு ஆசையாக எதிர்பார்த்தேன் என்று சிந்தாமணி சொன்னது. எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. பாப்பாவுக்குத்தான் பொய் சொல்லத் தெரியவில்லை. அது சிந்தாமணியைப் பார்த்ததும் இரண்டு கையையும் நீட்டித் தாவியது. இடுப்பில் ஏறி உட்கார்ந்தது. நேற்று மாதிரியே நனைத்தது.

சிந்தாமணியின் வாய் பழக்கத்தில் திறந்துகொண்டது. "பிஞ்சு மூத்திரம் கங்கைத் தீர்த்தம்."

அர்த்தனாரி பெண்டாட்டியையே பார்த்தது. "இத நீ அங்கதானே சொல்லுவே?" என்றது. பிறகு தங்கச்சியைப் பார்த்தது. தங்கச்சியின் புழுதிக்கு அடியில் சந்தன வாசனை வந்தது. ராஜமாளிகையில் குளிக்கக் கொடுக்கிற சந்தனம். அது எந்த பஸ்ஸிலும் கிடைக்காது. அர்த்தனாரிக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

பூவாத்தா அழுதுகொண்டே வெற்றிலைத் தட்டை நீட்டியது. தப்புத்தான் அண்ணா, ஒரு தாழ்ப்பாளுக்காகத்தான் போனேன், மடி இல்லை என்று மட்டும் சொல்லிவிடாதே என்றது.

அர்த்தனாரி தட்டை வாங்கவில்லை. காதுகுத்து எந்த நாள் என்று கேட்டது. பூவாத்தா சொன்னது அந்த மாதத்தில் இருக்கிற ஒரே முகூர்த்த நாள். அர்த்தனாரியின் காது இரண்டும் மெல்லத் தொங்கியது.

"கோவமெல்லாம் இல்ல கண்ணு. அன்னைக்கு என் மடி புக்காயிருச்சு."

கொக்கு சொன்ன தாய்மாமன் அர்த்தனாரிதான். முகூர்த்த நாள் என்றால் காலையிலிருந்து மடி ஓயாது. ஒரு பிள்ளை இறங்கினால் ஒரு பிள்ளை ஏறும். லீவு கேட்டால் வேலை போய்விடும், தனக்கு முன்னால் இந்த வேலையில் இருந்த மாமனும் தன் அக்கா மகளுக்காக லீவு கேட்டுப் போனவர்தான் என்றது.

நான்கும் உட்கார்ந்து பாப்பாவின் காதைப் பார்த்துக்கொண்டிருந்தன. அழுகையை நிறுத்தி முதலில் பேசியது பூவாத்தா. அது பேசும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை.

"அப்படின்னா நாங்களே அங்க புக் பண்ணிக்கிறோம்."

அப்படியே ஆயிற்று. தாய்மாமன் சீராக அர்த்தனாரி தன் ஸ்டாஃப் சலுகையைக் கொடுத்தது. முகூர்த்தத்தன்று, ஒரு கீரிக் குடும்பத்துக்கும் ஒரு அணில் குடும்பத்துக்கும் நடுவில் கிடைத்த இடைவெளியில், ராஜமாளிகைக் கூடத்தில் பாப்பாவுக்குக் காது குத்தினார்கள். அர்த்தனாரி சால்வை போர்த்தி, சீர்த்தட்டு தூக்கி வந்து, மடியில் வைத்து, பிள்ளை வீலென்று கத்திய அதே நொடியில் ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டது. நிஜக் கண்ணீர். வந்திருந்தவர்கள் சொக்கிப்போனார்கள். மாமன் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்றார்கள். சொந்த மாமனுக்கெல்லாம் இப்படி வராது என்று ஒரு கீரிப்பிள்ளை சொன்னது. அடுத்த மாதம் எங்கள் வீட்டுக்கும் இவரேதான் வேண்டும் என்று கொக்கிடம் இரண்டு பேர் முன்பணம் கட்டினார்கள்.

குத்தின வலியில் பாப்பா பாலுக்கு அழுதது. பூவாத்தா அதைத் தூக்கிக்கொண்டு யானை அறைக்கு ஓடியது. சிந்தாமணி யாருக்கோ சுற்றிக்கொண்டிருந்த ஆரத்தித் தட்டைப் பாதியில் கொண்டலாத்தி கையில் கொடுத்துவிட்டுப் பின்னாலேயே ஓடியது. கதவைச் சாத்தி முதுகைக் கொடுத்து நின்றது.

தாழ்வாரத்தின் கோடியில் கொக்கு ஒற்றைக் காலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தது. திட்டவில்லை. அடுத்த காலை மெதுவாகக் கீழே ஊன்றியது. கொக்கு இரண்டு காலில் நின்றால் ஏதோ மாட்டிவிட்டது என்று அர்த்தம்.

அடுத்த வாரம் ராஜமாளிகை வாசலில் புதிதாக ஒரு பலகை வைத்தார்கள். பாலூட்டும் தாய்மார்களுக்கு, கதவில் முதுகு கொடுத்து நிற்கும் அண்ணி. பாரம்பரிய முறைப்படி. முன்பதிவு அவசியம்.

கூட்டம் அலைமோதியது. சிந்தாமணிக்குச் சம்பளம் கூடியது. கூடின சம்பளத்தில் முதல் வேலையாகத் தன் வீட்டு அறைக்கு உள்பக்கம் நல்ல பித்தளைத் தாழ்ப்பாள் ஒன்று வைத்தது. பூவாத்தாவுக்குப் போன் போட்டு, இனி நீ நம் வீட்டிலேயே தங்கலாம் என்று மனசாரச் சொன்னது. பூவாத்தாவும் மனசார வருகிறேன் என்றது. ஆனால் அது வருகிற நாளில் எல்லாம் அண்ணனும் அண்ணியும் டூட்டியில் இருந்தார்கள். வீடு பூட்டிக் கிடந்தது. வேறு வழியில்லாமல் பூவாத்தா ராஜமாளிகைக்கே போய்த் தங்கி, ஒவ்வொரு தடவையும் ஐந்து நட்சத்திரம் போட்டுவிட்டு வந்தது.

பாப்பாவின் காது மட்டும் கடைசிவரை தொங்கவே இல்லை.

நீதி: பட்டணம் போனால் சொந்தக்காரர் வீட்டில் தங்காதே. அவர்கள் எங்கே டூட்டி பார்க்கிறார்கள் என்று விசாரித்து, அங்கே அறை எடு.